யாருக்கு எதை எந்த வழியில் சொல்வது: பின்னலாடை நிறுவனத்துக்கான முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வருபவர், முதல் வாரத்திலேயே ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கிவிடுவார். மூன்றாவது வாரத்தில் அதில் காலை வணக்கப் பூங்கொத்துகளும், யாரோ தொலைத்த வண்டிச் சாவியும் மட்டும் மிஞ்சியிருக்கும். "குழுவில் போட்டேனே, யாருமே பார்க்கவில்லையா?" என்ற புலம்பல் அப்போது தொடங்கும்.

வாட்ஸ்அப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்பவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். செய்தி எந்த வகை என்று அடுத்து பார்க்க வேண்டும். வழியைத் தேர்வது மூன்றாவது வேலை. பெரும்பாலானோர் மூன்றாவதில் தொடங்கிப் பின்னோக்கி வருகிறார்கள்.

சுமார் 400 பேர் வேலை செய்யும் ஒரு யூனிட்டை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்: கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஓர் அலுவலகம், வளாகத்துக்குள் ஒரு விடுதி. நூற்பாலையில் இருப்பவர்கள் ஆட்களின் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தொடங்கும் முன் தேவைப்படும் மூன்று தாள்கள்

முதல் தாளில், கடந்த ஒரு மாதத்தில் நிறுவனம் தன் ஆட்களிடம் சொன்ன எல்லாவற்றையும் எழுதுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியது, மைக்கில் சொன்னது, சூப்பர்வைசர் வாய்வழியாகச் சொன்னது, மின்னஞ்சலில் போனது எல்லாம் அதில் வரட்டும். ஒவ்வொன்றின் எதிரேயும் யாருக்குச் சொன்னோம், எப்படிச் சொன்னோம், சொன்ன பிறகு என்ன நடந்தது என்று குறியுங்கள். வேன் நேரம் மாறியது தெரியாமல் நிறுத்தத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். கடைசிப் பத்திதான் நமக்கு முக்கியம். எந்த வழி உடைந்திருக்கிறது என்று அது காட்டிவிடும்.

இரண்டாவது தாள் ஆட்களின் பட்டியல். வருகைப் பதிவேட்டில் துறையும் பெயரும் ஏற்கெனவே இருக்கும். அதனுடன் மூன்று விவரங்களைச் சேருங்கள்: எந்த மொழி பேசுவார், எந்த எழுத்தை வாசிப்பார், கொடுத்திருக்கும் எண் யாருடைய போன். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பதிவேட்டில் இருக்கும் எண்களில் பல, கணவருடையதாகவோ மகனுடையதாகவோ பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ இருக்கும். "நாளை இரவு ஒன்பது மணி வரை வேலை" என்ற செய்தி மகனின் போனுக்குப் போனால், அம்மா அதைப் பார்ப்பது மகன் வீடு திரும்பிய பிறகுதான்.

மூன்றாவது தாள், முதலாளியோ பொது மேலாளரோ கையெழுத்திட்ட ஒரு பக்கம். எந்த வகைச் செய்தியை யார் வெளியிடலாம் என்று அதில் இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் உற்பத்தி மேலாளர் ஒரு நேரமும் மனிதவளப் பிரிவு இன்னொரு நேரமும் சொல்லும். தொழிலாளர்கள் தங்களுக்கு வசதியான நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். அதில் தவறும் இல்லை.

2. துறை வாரியாகப் பிரிக்காமல், எட்டும் விதத்தை வைத்துப் பிரியுங்கள்

நிறுவன வரைபடத்தை எடுத்து, "தையல், செக்கிங், அக்கவுண்ட்ஸ்" என்று பிரிப்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் தையலில் இருப்பவருக்கும் செக்கிங்கில் இருப்பவருக்கும் செய்தி போய்ச் சேரும் விதம் ஒன்றுதான். இருவருக்கும் கை வேலையில் இருக்கும், போன் லாக்கரில் இருக்கும். ஒரே அலுவலக அறையில் உட்காரும், பையர்களின் (வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின்) ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கும், வெளி வேலைகளைத் துரத்தும் ஃபாலோ-அப் பையனுக்கும் அது முற்றிலும் வேறு. ஆகவே வேலை நேரத்தில் கையும் கண்ணும் காதும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துப் பிரியுங்கள்.

எங்கள் வகை யூனிட்டில் இப்படிப் பிரிப்பது வேலைக்கு ஆகிறது.

மெஷின் தளத்தில் இருப்பவர்கள். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் ஓட்டும் டெய்லர்கள், செக்கிங், அயர்னிங் எல்லாம் இதில் வரும். இவர்களில் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடக் கூட்டம் மாதச் சம்பளக்காரருக்கு ஓய்வு, பீஸ் ரேட்காரருக்கு இழப்பு. அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டு "ஏன் முகம் சுளிக்கிறார்" என்று கேட்பதில் பொருளில்லை. அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள், அல்லது மூன்று நிமிடத்தில் முடியுங்கள்.

ஒப்பந்தக்காரர் மூலம் வந்த வடமாநிலத் தொழிலாளர்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல ஊர்க்காரர்கள். "இந்தியில் போட்டாயிற்று" என்று தேவநாகரியில் அச்சடித்து ஒட்டுவது ஒட்டியவரின் மனத்திருப்திக்கு மட்டுமே உதவும். ஒடியா எழுத்து வேறு, வங்காள எழுத்து வேறு. இந்தி கேட்டால் புரிகிற பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. இவர்களுக்கு எழுத்தைவிடக் குரல் நல்லது.

சூப்பர்வைசர்கள், கட்டிங் மாஸ்டர், லைன் லீடர்கள். இவர்களைக் கேட்பவர்களாக மட்டும் நினைக்காதீர்கள். தளத்தில் இருக்கும் மற்ற எல்லோருக்கும் செய்தி இவர்கள் வாயால்தான் போகிறது. தனிப் பகுதியே இவர்களுக்காக ஐந்தாவதில் இருக்கிறது.

அலுவலகம். மெர்ச்சண்டைசர், கணக்கு, ஆவணப் பிரிவு. கணினி முன்னால் இருப்பவர்கள்.

வெளியே சுற்றுபவர்கள். ஃபாலோ-அப் பார்ப்பவர் டையிங், காம்பேக்டிங், எம்ப்ராய்டரி யூனிட்டுகள் என்று இரு சக்கர வண்டியில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருப்பார். வேன் ஓட்டுநர்களும் அப்படித்தான். வண்டி ஓட்டுபவருக்குக் குழுச் செய்தி அனுப்பி, அதில் "பார்த்தார்" என்று நீலக் குறி வருவதற்குக் காத்திருப்பது ஆபத்தானதும்கூட. போன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் அவரே நிறுத்திவிட்டுக் கூப்பிடுவார்.

கடைசியாக, எல்லோரும் மறந்துவிடும் மூவர்: இரவுக் காவலர், கேன்டீன் பொறுப்பாளர், விடுதி வார்டன். வேலை நேரம் மாறினால் இந்த மூவருக்கும் வேலை மாறும். ஆனால் எந்தத் துறைப் பட்டியலிலும் இவர்கள் இருப்பதில்லை.

3. செய்தியை நான்கு கேள்விகளால் வகைப்படுத்துங்கள்

முதல் தாளில் எழுதிய ஒவ்வொரு செய்திக்கும் இவற்றைக் கேளுங்கள்.

எவ்வளவு நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்? நிமிடம், இன்று, இந்த வாரம் என்ற மூன்று பதில் போதும். "அவசரம்" என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். அலுவலகத்தில் எல்லாமே அவசரம்தான்.

சொன்னதற்குச் சான்று வேண்டுமா? வேலை நேரத்தையோ ஷிப்ட் முறையையோ சம்பளக் கணக்கையோ நிரந்தரமாக மாற்றுவதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு என்பது தொழிலகத் தகராறுகள் சட்டத்திலிருந்தே இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு தொழிலுறவுத் தொகுப்பிலும் தொடர்கிறது. அதை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுச் சொல்லியாயிற்று என்று நினைக்க முடியாது.

பதில் வேண்டுமா? "ஞாயிறு யார் யார் வருவீர்கள்" என்பதற்குப் பதில் வேண்டும். "குடிநீர் தொட்டி கழுவப்படுகிறது" என்பதற்கு வேண்டாம். பதில் வேண்டிய செய்தியைப் பதில் சொல்ல முடியாத வழியில் அனுப்புவது அன்றாடம் காணும் தவறு. மைக்கில் கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்தில் இருப்பவர் பார்க்கலாமா? சம்பளம், முன்பணம், எச்சரிக்கைக் கடிதம், மருத்துவ விடுப்பு, புகார் ஆகியவற்றைப் பார்க்கக் கூடாது. சம்பளப் பட்டியலை மொத்தமாகப் படம் பிடித்து "சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று குழுவில் போடும் சூப்பர்வைசர் ஏறக்குறைய எல்லா நிறுவனத்திலும் ஒருவர் இருப்பார். அவரைத் திட்டுவதைவிட, தனித்தனிச் சீட்டை நேரத்துக்குக் கொடுத்துவிட்டால் அந்தத் தேவையே எழாது.

4. ஒவ்வொரு வழியும் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

அறிவிப்புப் பலகை. சான்றுக்கும் நீண்ட நாள் இருக்க வேண்டியவற்றுக்கும் இதுதான் இடம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளகப் புகார்க் குழுவை அமைத்த ஆணையையும் தண்டனை விவரங்களையும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்கச் சொல்கிறது. மேலாளர் அறைக்கு எதிரில் வைத்தால் அது கண்ணில் படும் இடம் ஆகாது. அங்கே நின்று வாசிக்க எந்தப் பெண்ணும் விரும்பமாட்டார். பெண்கள் லாக்கர் பக்கத்தில் இன்னொரு படி இருக்கட்டும். தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பரில் அமலுக்கு வந்திருப்பதால், பலகையில் பல்லாண்டாகப் பழுப்பேறித் தொங்கும் பழைய சட்டச் சுருக்கங்களில் எதை மாற்ற வேண்டும் என்று உங்கள் தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பலகையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி சட்டப்படி எப்போதும் இருக்க வேண்டியவை, மறுபாதி இந்த வாரச் செய்திகள். இரண்டையும் கலந்தால் ஆள்கள் பலகையைச் சுவராகவே பார்க்கப் பழகிவிடுவார்கள். வாரச் செய்தியின் ஓரத்தில் எடுக்க வேண்டிய தேதியை ஒட்டும்போதே எழுதுங்கள்.

லைன் பேச்சு. காலையில் மெஷின் ஓடத் தொடங்கும் முன் லைன் லீடர் நின்றபடியே சொல்லும் மூன்று நிமிடம். தளத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. முகம் தெரிகிறது, கேள்வி கேட்கலாம், பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்ப்பார். டீ இடைவேளையில் மட்டும் வைக்காதீர்கள். அது அவர்கள் நேரம். அதில் சொன்னது காதில் விழாது, மனக்கசப்பு மட்டும் விழும்.

மைக். நிமிடத்துக்குள் போக வேண்டிய, ஒரே வரியில் அடங்குகிற செய்திக்கு மட்டும். கட்டிங் மேசையில் கேட்கும் குரல், அயர்னிங்கில் நீராவிச் சத்தத்துக்கு நடுவே கேட்காது. வழக்கமான வேலை நேரத்தில், எல்லா மெஷினும் ஓடும்போது, ஒவ்வொரு பகுதியிலும் நின்று கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலியான தளத்தில் சோதித்துவிட்டு "நன்றாகக் கேட்கிறது" என்று கையெழுத்திடுவதில் பயனில்லை.

எஸ்எம்எஸ். சாதாரண போன் வைத்திருப்பவருக்கும், இணையக் கட்டணம் தீர்ந்தவருக்கும் போய்ச் சேரும் என்பது இதன் பலம். ஆனால் இரண்டு தடைகளை முன்கூட்டியே கடக்க வேண்டும். மொத்தமாக அனுப்புவதற்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனத்தையும் அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தின் அச்சையும் பதிவு செய்திருக்க வேண்டும். நினைத்த மாலையில் புது வாசகம் அனுப்ப முடியாது. ஆகவே "நாளை வேலை நேரம் __, வேன் நேரம் __" போன்ற நாலைந்து அச்சுகளை அமைதியான நாளில் பதிந்து வைத்துவிடுங்கள். அடுத்த தடை நீளம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து கிடைக்கும், தமிழில் 70 தான். அந்த 70-லும் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். "வேலை" நமக்கு இரண்டு எழுத்து, போனுக்கு நான்கு. "நாளை வேலை நேரம் காலை 7.30. வேன் 6.45." என்பதற்கே 37 போய்விடுகிறது. "அனைத்துத் தொழிலாளர்களுக்கும் அன்பான வணக்கம்" என்று தொடங்கினால் செய்தி தொடங்கும் முன்பே பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

மின்னஞ்சல். அலுவலகத்துக்கு மட்டும். ஒரு சிறு குறிப்பு: ஐரோப்பிய பையர்களின் அஞ்சல்கள் நம் நேரத்துக்குப் பிற்பகலிலிருந்து கொட்டத் தொடங்கும். ஜெர்மனியில் காலை ஒன்பது என்றால் இங்கே கோடையில் 12.30, குளிர்காலத்தில் 1.30. அதற்குப் பிறகு அனுப்பும் உள் அறிவிப்பு மெர்ச்சண்டைசரின் பெட்டியில் அடியில் போய்விடும். முற்பகலிலேயே அனுப்புங்கள்.

சம்பளச் சீட்டு. இதை ஒரு தகவல் வழியாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் 400 பேரும் முழுமையாக, கடைசி வரி வரை வாசிக்கிற தாள் இது ஒன்றுதான். வருங்கால வைப்பு நிதிக்கு ஆதார் இணைப்பு, போனஸ் கணக்கிடும் முறை, புகார் எண் போன்றவற்றைச் சீட்டின் அடியில் ஒரே வரியாக அச்சிடுங்கள். ஒரு வரிக்கு மேல் போனால் அதுவும் பலகையாகிவிடும்.

5. சூப்பர்வைசருக்கு எப்போதும் முதலில்

எந்தச் செய்தியாக இருந்தாலும், தளத்துக்குப் போகும் முன் சூப்பர்வைசருக்குப் போயிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு டெய்லர் வந்து கேட்கும்போது சூப்பர்வைசர் விழித்தால், அந்தச் செய்தியின் மீதும் அவர் மீதும் மரியாதை போகும். தன் மரியாதையைக் காப்பாற்ற அவர் "அதெல்லாம் சும்மா, நான் சொல்கிறேன் பார்" என்று சொல்லிவிடுவார். பிறகு நீங்கள் எத்தனை முறை ஒட்டினாலும் எடுபடாது.

அவருக்குச் செய்தியை மட்டும் கொடுக்காதீர்கள். வரப்போகும் கேள்விகளையும் பதில்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். தளத்தில் வரும் கேள்விகள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: கூலி எவ்வளவு, வேன் உண்டா, சாப்பாடு உண்டா, வராவிட்டால் என்ன ஆகும். இந்த நான்குக்கும் பதில் இல்லாத அறிவிப்பு தயாராகவில்லை என்று அர்த்தம். வெளியிடாதீர்கள்.

6. ஒரு செய்தியை முழுதாக நடத்திப் பார்ப்போம்

ஷிப்மென்ட் நெருக்கடி. வரும் ஞாயிறு வேலை, அதற்குப் பதிலாகச் செவ்வாய் விடுமுறை என்று வியாழன் காலை முடிவாகிறது. முடிவு முடிவான பிறகுதான் கடிகாரம் தொடங்க வேண்டும். "அநேகமாக ஞாயிறு இருக்கும்" என்று யாரும் வாய் தவறிச் சொல்லக் கூடாது.

முதல் வேலை, வார விடுமுறை மாற்றத்துக்கான எழுத்து அறிவிப்பைத் தயாரிப்பது. இது எழுத்துச் சான்று வேண்டிய வகை. ஞாயிறு வருவதற்கு முன்பே பலகையில் இருக்க வேண்டும். பழைய தொழிற்சாலைகள் சட்டப்படி தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டியிருந்தது; இப்போது எப்படி என்று உங்கள் சட்ட ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, பகல் பன்னிரண்டுக்குள் சூப்பர்வைசர்கள், ஒப்பந்தக்காரர், கேன்டீன், வார்டன், காவல், வேன் ஓட்டுநர்கள். முதல் இருவரை நேரில், மற்றவர்களைப் போனில். வார்டனை விட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? செவ்வாய்க்கிழமை விடுதிப் பெண்கள் கடைவீதிக்குப் போக வாசலுக்கு வருவார்கள். வெளியே போகும் நாள் ஞாயிறுதான் என்று வார்டன் பதிவேட்டைக் காட்டி நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமையும் இழந்து செவ்வாயும் இழந்த அந்தக் கோபம் அடுத்த மாத வருகைப் பதிவில் தெரியும்.

அன்று மாலையே லைன் பேச்சு. வழக்கமாகக் காலையில் வைப்பதுதான், ஆனால் இன்றிரவே வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மெஷின் நின்றதும், வேனுக்கு ஓடும் முன், ஒரு நிமிடம். லீடர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "வரும் ஞாயிறு வேலை இருக்கிறது, செவ்வாய் விடுமுறை. வேன் வழக்கமான நேரம்தான், மதியச் சாப்பாடு கேன்டீனில். வர முடியாதவர்கள் நாளை மதியத்துக்குள் என்னிடம் சொல்லிவிடுங்கள்." காரணத்தை, அதாவது எந்த பையர், என்ன தாமதம் என்பதை, யாராவது கேட்டால் சொல்லலாம். முன்னால் வைத்தால் வேன் நேரம் யார் காதிலும் நிற்காது.

இந்தி பேசுபவர்களுக்கு இதையே குரல் பதிவாகப் போடுங்கள். பேசுபவர் ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டாம். கூலியும் பிடித்தமும் அவர் கையில் இருப்பதால், அந்தச் செய்தி அவருக்குச் சாதகமாக வளைய வாய்ப்பு உண்டு. அவர்களுக்குள்ளேயே மூத்தவராக மதிக்கப்படும் ஒரு தொழிலாளரைப் பேசச் சொல்லி, அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப், இரவு ஏழு மணிக்கு மேல், நேரில் கேட்டதை நினைவூட்டுவதற்காக. அலுவலகத்துக்கு மறுநாள் முற்பகல் மின்னஞ்சல். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் வரிசையில் ஒரு முறை வாயால். இதோடு முடிந்தது. நாலாவது தடவை சொன்னால், ஏதோ மாறியிருக்கிறது என்று நினைத்து ஆட்கள் விசாரிக்கத் தொடங்குவார்கள்.

7. ஆபத்து வழியைத் தனியாக வையுங்கள்

தீ, கொதிகலன் கோளாறு, வாயுக் கசிவு. இவற்றுக்கு வாட்ஸ்அப்பும் மைக்கும் இரண்டாம் துணையே. சைரன் ஒன்றுதான் மொழி கேட்காதது. ஆனால் அந்தச் சைரனை டீ இடைவேளைக்கும் ஷிப்ட் முடிவதற்கும் பயன்படுத்தும் இடங்கள் உண்டு. அங்கே தீப்பிடித்தால் ஆட்கள் டீக்குப் போவார்கள். இடைவேளைக்கு மணி, ஆபத்துக்குச் சைரன் என்று பிரித்துவிடுங்கள். அயர்னிங், ஜெனரேட்டர் அறை போன்ற இரைச்சலான இடங்களில் சுழல் விளக்கும் வையுங்கள்.

வாசல் காவலரிடம் அன்றைய வருகைப் பட்டியல் தாளில் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் பஞ்சிங் இயந்திரத்திலிருந்து யார் உள்ளே இருக்கிறார்கள் என்று எடுக்க முடியாது. 112-க்கோ 101-க்கோ அழைப்பவர் யார் என்று பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். "யாராவது அழைக்கட்டும்" என்றால் எல்லோரும் படம் பிடிப்பார்கள். ஒத்திகையை ஒருமுறையாவது கூடுதல் நேர வேலை நடக்கும் இரவில் வையுங்கள். பகலில் திறந்திருக்கும் பின்கதவு இரவில் பூட்டியிருப்பது அப்போதுதான் தெரியும்.

8. வாட்ஸ்அப்பை எப்படிக் கட்டி வைப்பது

குழுவில் சேர்க்கும்போதே ஒருவரின் எண் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. 400 பேர் குழுவில் ஒரு பெண் தொழிலாளரின் எண் விழுந்தால், இரவு பத்து மணிக்கு "ஹாய்" வருவது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். அவர் புகார் சொல்வதைவிட எண்ணை மாற்றிவிடுவார்; நம் பட்டியலில் பழைய எண் அப்படியே இருக்கும். ஆகவே எல்லோரும் இருக்கும் ஒரே குழு வேண்டாம். கம்யூனிட்டி வசதியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்கு மறைந்திருக்கும். அது முடியாவிட்டால், ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போகும். வேலையில் சேரும் நாளன்றே நிறுவன எண்ணைப் பதியச் சொல்லுங்கள். உட்கார வைத்து, கண் முன்னால்.

அந்த எண் நிறுவனத்தின் போனில் இருக்கட்டும். மனிதவள அலுவலரின் சொந்த எண்ணில் நடத்தினால், அவர் வேலையை விடும் நாளில் எல்லாக் குழுவும் அவரோடு போய்விடும்.

சிறு குழுக்களில் "அட்மின் மட்டும் அனுப்பலாம்" என்ற அமைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். பெரிய அறிவிப்புக் குழுவுக்கு அது சரி. சூப்பர்வைசர் குழுவில் போட்டால் "நூல் தீர்ந்தது", "மெஷின் நின்றது" என்று அவர்கள் சொல்வதற்கே வழியில்லாமல் போகும்.

9. திரும்பி வரும் வழி

மேலிருந்து கீழே எட்டு வழி வைத்துவிட்டு, கீழிருந்து மேலே ஒரு பூட்டிய பெட்டி வைப்பது வழக்கம். அந்தப் பெட்டியும் சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே இருக்கும்.

பெட்டியை இடம் மாற்றுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில், கேமரா இல்லாத இடத்தில். எந்தக் கிழமை திறக்கப்படும், யார் திறப்பார் என்று பெட்டியிலேயே எழுதுங்கள். வந்தவற்றுக்குப் பதிலைப் பலகையின் வாரப் பாதியில் போடுங்கள். எழுதியவர் பெயர் வராமல், "மேல் மாடிக் குடிநீர்: வடிகட்டி மாற்றியாயிற்று" என்ற அளவில். பதில் வராத பெட்டியில் மூன்றாவது மாதம் மிட்டாய்த் தாள்தான் இருக்கும்.

எழுதத் தெரியாதவர்களுக்கு ஒரு போன் எண். எடுப்பவர் இந்தியும் பேச வேண்டும். பாலியல் துன்புறுத்தல் புகார் இந்தப் பெட்டிக்கோ எண்ணுக்கோ வந்தாலும், அது நேராக உள்ளகப் புகார்க் குழுவுக்கே போக வேண்டும். புகாரின் விவரங்களை வெளியிடக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதை "விசாரித்துச் சொல்லுங்கள்" என்று சூப்பர்வைசர் குழுவில் போடுபவரை இந்தப் பொறுப்பிலிருந்து விலக்கிவிடுங்கள்.

100 அல்லது அதற்கு மேற்பட்டோர் இருக்கும் இடங்களுக்கான, தொழிலாளர்களும் நிர்வாகமும் சேர்ந்து உட்காரும் பணிக்குழுவைப் பலர் தணிக்கைக்காகவே கூட்டி, நடவடிக்கைக் குறிப்பில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைக்கிறார்கள். உண்மையாகவே நடத்தினால், ஒரு மாற்றத்தை அறிவிக்கும் முன் தளத்தில் அது எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி இல்லை.

10. போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்

நீலக் குறிகளை எண்ணாதீர்கள். ஒரு செய்தி வெளியான மறுநாள் மாலை, வேன் ஏறும் இடத்தில் நின்று, வெவ்வேறு பகுதியிலிருந்து பத்துப் பேரிடம் கேளுங்கள். "அறிவிப்பைப் பார்த்தீர்களா" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "செவ்வாய்க்கிழமை வருவீர்களா?" என்று கேளுங்கள். "லீவுதானே?" என்று பதில் வந்தால் போய்ச் சேர்ந்திருக்கிறது. "வருவேனே" என்று சொன்னவர் எந்த லைன், எந்த மொழி, எந்த வேன் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று செய்திக்கு இதைச் செய்தாலே ஓட்டை எங்கே என்று தெரியும். பெரும்பாலும் அது ஒரு குறிப்பிட்ட லைன் லீடராகவோ, வேறு நேரத்தில் வந்து போகும் ஒரு சிறு கூட்டமாகவோ இருக்கும். அதை மட்டும் சரிசெய்யுங்கள். முழு அமைப்பையும் கலைத்துப் புதுச் செயலி வாங்க வேண்டாம். செயலி விற்பவர்கள் சரியாக அந்த வாரம்தான் வந்து நிற்பார்கள்.

11. சேர்பவரும் விலகுபவரும்

பட்டியல் பழசானால் மேலே சொன்னதெல்லாம் வீண். புதிதாகச் சேர்பவரின் முதல் நாள் படிவத்தில் மொழி, வாசிக்கும் எழுத்து, போன் யாருடையது ஆகிய மூன்றும் இருக்கட்டும். சைரன் எப்படி ஒலிக்கும் என்று அன்றே கேட்கச் செய்து, கூடும் இடத்துக்கு நடத்திச் சென்று காட்டுங்கள்.

விலகுபவரின் கணக்கு முடிக்கும் தாளில் "குழுக்களிலிருந்து நீக்கியாயிற்று" என்று ஒரு கட்டம் சேருங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போய்த் திரும்பாதவர்கள் இந்தத் தாளுக்கே வருவதில்லை. ஆகவே பண்டிகை முடிந்த இரண்டாவது வாரத்தில் வருகைப் பதிவேட்டையும் குழுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிடுங்கள். ஹோலி, சத் பூஜைக்குப் பிறகும் இதே வேலை உண்டு.